பள்ளிக்கூடத்தில் மண்கலை: வில்லியனூர், பாகூர் கிராமச் சங்கங்களின் கவனத்திற்கு

ஐக்கிய சங்கம் என்றவுடன் நமது கிராமத்தாருக்குக் கடன், உரம், பால் ஆகிய மூன்றுமே நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்துச் சித்திர வகுப்புக்கும் சங்கத்துக்கும் யாது சம்பந்தம் என்று அங்கத்தினர் வினவலாம். சம்பந்தம் உண்டு. நமது ஏரியின் களிமண்ணும், நமது தெருவின் குயவரும், நமது குழந்தைகளின் கைகளும் ஒன்றுசேர்வதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடம் பள்ளிக்கூடமே. அங்கே ஒரு சிறு சூளையும் சில மூட்டைப் பக்குவ மண்ணும் இருக்கச் செய்வது தனியொருவர் சக்திக்கு எட்டாதது. பலர் கூடிய சங்கத்துக்கு எளிது. அதை எவ்வாறு செய்வது என்பதை அங்கத்தினரும் உபாத்தியாயரும் அறியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது பகுதியின் மண்கலைப் பெருமை

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945-ம் வருஷத்தில் மார்ட்டிமர் வீலர் என்பவர் அகழ்ந்தார். ரோமாபுரி நாட்டிலிருந்து கடல்வழியே வந்த செந்நிற மட்கலங்களும், மதுவும் எண்ணெயும் நிரப்பி வந்த இருகைச் சாடிகளும் அங்கே கிடைத்தன. அவற்றுடன் உள்நாட்டுக் குயவர் வனைந்த கலங்களும், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் அகப்பட்டன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் இக்கரையில் நடந்த வியாபாரத்தைச் சரித்திரக்காரர் இன்று அறிந்திருப்பதற்கு உடைந்த மண்ணோடுகளே முக்கிய சாட்சி. மரம் மக்கிவிடும், இரும்பு துருப்பிடித்துவிடும், சுட்ட மண் நிலைத்து நிற்கும்.

வில்லியனூரிலோ அத்தொழில் இன்றளவும் உயிரோடிருக்கிறது. அவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாடு, 1999-ம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்கிறது. அதாவது, அப்பெயரைச் சொல்லி வியாபாரம் செய்யும் உரிமை அவ்விடத்துத் தொழிலாளருக்கே உரியது என்று சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது. அவ்வூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ம் வருஷம் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. புதுச்சேரி நகரில் 1971-ம் வருஷத்தில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இரு அமெரிக்கர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டச் சாலை வேறுவகைத் தொழிலுக்குப் பேர்பெற்றது. மிகுந்த சூட்டில் வேகவைத்து மெருகேற்றிய கலங்கள் அங்கே உண்டாயின. அங்கே பயின்றவர் பலர் இந்தியாவின் பற்பல இடங்களில் தாமே சாலைகள் அமைத்திருக்கின்றனர்.

பாகூருக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ அரசன் காலத்துச் செப்பேடுகள் அவ்வூரில் கிடைத்துள்ளன. பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்ட செய்தி அவற்றில் கூறப்படுகிறது. கல்வியைக் காப்பதற்குக் கிராமத்தின் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதை அங்கத்தினர் மனத்திற் கொள்க.

பள்ளியில் இது எதற்கு?

கைத்தொழில் வழியே கல்வி என்னும் கொள்கையை 1937-ம் வருஷம் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் எடுத்துரைத்தார். 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்பு மாணாக்கர் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல், தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலிய உள்ளூர்த் தொழிலாளரிடம் பயில வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே குயவரைப் பள்ளிக்கு அழைப்பது விதிக்கு மாறான காரியமன்று.

இதனால் விளையும் பயன் பல. களிமண் உலரும்போது சுருங்குகிறது. ஒரு மண்பட்டையில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு கீறி, உலர்ந்தபின்னும் சுட்டபின்னும் மாணாக்கர் அளந்து பார்த்தால், சதவீதக் கணக்கு கைக்கே வந்துவிடும். ஒரே மண் ஒரு சூளையில் சிவப்பாகவும் மற்றொன்றில் கறுப்பாகவும் வருவதன் காரணத்தை ஆராய்ந்தால் இரசாயனம் விளங்கும். காற்றோட்டம் மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து பிராணவாயுவோடு கூடிச் சிவக்கிறது. புகையை அடைத்து வைத்தால் கறுக்கிறது. பண்டைக்காலத்துக் கறுப்பு-சிவப்புக் கலங்களின் ரகசியம் இதுவே. இவையன்றி, படிப்பில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்த பிள்ளை மண்ணில் முதல்வனாக வருவதை உபாத்தியாயர் பலர் கண்டிருப்பர்.

மண் எடுத்தலும் பதப்படுத்தலும்

பங்குனி முதல் ஆனி வரை ஏரி வற்றியிருக்கும் காலமே மண்ணெடுக்கத் தகுந்தது. உசுட்டேரி, பாகூர் ஏரி முதலிய எந்த நீர்நிலையிலும் உரிய அதிகாரிகளின் அனுமதியின்றி மண்வெட்டி வைக்கலாகாது. கரையின் அடியில் தோண்டுவது பாசனத்துக்கே கேடாய் முடியும். பள்ளிக்கு வேண்டியது சில மூட்டைகளே. ஆதலின், உள்ளூர்க் குயவர் தமக்கு எடுக்கும் மண்ணோடு சேர்த்து வாங்கிக்கொள்வதே சுலபம்.

நல்ல மண்ணை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஈர மண்ணை விரற்கனத்துத் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடிப்பின்றி வளைந்தால் களி போதுமானது. வெடித்தால் மணல் அதிகம். விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, உலரும்போது கோணினால் களி மிகுதி. சிறிது மணல் கலக்க வேண்டும்.

எடுத்த மண்ணை உலரவிட்டுக் கட்டிகளை உடைத்து, வேர், கல், கிளிஞ்சல் முதலியவற்றை நீக்குக. கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் தவறாமல் நீக்கத்தக்கவை. அவை சூளையில் நீறாகிப் பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பூரிக்க, முற்றும் வெந்த சிலையும் சில நாட்களில் பொருக்குப் பொருக்காய் உதிரும். பிறகு மண்ணைத் தொட்டியில் ஊறவைத்து, வடிகட்டி, பெரிய உருவங்களுக்குச் சன்ன மணல் சேர்த்து மிதித்துப் பிசைய வேண்டும். ஈரச் சாக்கினால் மூடிச் சில வாரம் வைத்திருந்தால் மண் மேலும் பக்குவப்படும்.

வகுப்பு வேலைகள்

வேலைகளை எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏற்றுதல் வேண்டும்.

(1) அகலும் கிண்ணமும். எலுமிச்சம்பழ அளவு உருண்டையில் கட்டைவிரலை ஊன்றி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி எழுப்புவது. சுவர் எங்கும் ஒரே கனமாயிருத்தல் வேண்டும் என்னும் முதற்பாடம் இதிலேயே வந்துவிடும். கார்த்திகைத் தீபத்துக்கு ஒவ்வொரு மாணாக்கரும் தம் வீட்டிற்கு இரண்டு அகல் கொண்டுசெல்லலாம்.

(2) திரிப் பானை. மண்ணைத் திரிகளாக உருட்டி, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, உட்புறம் வழித்து ஒட்டுவது. சக்கரம் இல்லாமலே பெரிய கலம் செய்யும் முறை இது.

(3) சித்திரப் பலகை. இரண்டு மரச்சட்டங்களுக்கிடையே மண்ணைப் பரப்பி அரை அங்குலக் கனத்துக்குத் தட்டி, அதன்மேல் புடைப்புச் சித்திரம் அமைப்பது. வில்லியனூர்த் தேர், உசுட்டேரிப் பறவைகள், பாகூர் வயலில் நடவு, மூலநாதர் கோயில் விமானம் ஆகியன நல்ல பொருள்கள். ஒவ்வொருவரும் ஒரு பலகை செய்து, யாவற்றையும் பள்ளிச் சுவரில் வரிசையாகப் பதித்தால் கிராமத்தின் சித்திரமே அமைந்துவிடும்.

(4) குதிரையும் யானையும். நமது ஐயனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளை மாணாக்கர் அருகிற்சென்று பார்க்கட்டும். கால்கள் குழாய்கள், உடல் ஒரு பானை, கழுத்தும் தலையும் பின்னர்ச் சேர்த்தவை. இவ்வுண்மையைக் கண்டவுடன், எவ்வளவு பெரிய உருவமும் உள்ளே கூடாயிருக்க வேண்டும் என்பது விளங்கும். உறுப்புகளை ஒட்டும்போது இரு முகங்களையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிக்குழம்பு தடவி, அழுத்திச் சேர்க்க வேண்டும். வெறுமனே ஒட்டிய கால் உலரும்போதே விழுந்துவிடும்.

(5) சுடாத பிள்ளையார். ஆவணியில் விநாயக சதுர்த்திக்குச் செய்வது. வேதிச் சாந்தினால் செய்து சாயம் பூசிய சிலைகளை நீர்நிலைகளிற் கரைப்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ம் வருஷத்து வழிகாட்டு விதிகளில் தடை கூறியுள்ளது. களிமண் பிள்ளையார் நீரில் கரைந்து மறுபடியும் ஏரி மண்ணாவார். இவ்வுருவத்தைச் சூளையில் வைக்கலாகாது. சுட்ட மண் கரையாது.

உலர்த்தல்

மண்கலையில் கெட்டுப்போகும் பொருள்களிற் பெரும்பான்மை உலர்த்தும் அவசரத்தாலேயே கெடுகின்றன. எமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், ஆண்டுவிழாவுக்குள் சூளை போட வேண்டுமென்று ஐப்பசி மழைக்கிடையே மூன்று நாள் மட்டும் உலர்த்திய உருவங்களை அடுக்கினர். நெருப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சூளைக்குள் பட்டாசு வெடிப்பதுபோல் ஓசை எழுந்தது. மறுநாள் திறந்தபோது 40 உருவங்களில் முழுதாக வந்தவை ஒன்பதே. குழந்தைகள் ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, இது என் யானை, இது அவளுடைய வீடு என்று நின்ற காட்சியை மறத்தல் அரிது. உள்ளே காற்று அடைபட்டதால் வெடித்ததென்று பலர் கூறினர். அது முழு உண்மையன்று. கனத்த மண்ணுக்குள் தங்கிய ஈரமே ஆவியாகி, வெளியேற வழியின்றி வெடித்தது.

ஆகையால், செய்த பொருளை முதலில் நிழலில், ஈரத்துணி அல்லது காகிதத்தால் தளர்வாக மூடி மெல்ல உலர்த்துக. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து வெயிலில் வைக்கலாம். கனம் அரை அங்குலத்துக்கு மேற்படாதிருத்தலும், கூடான உருவத்துக்கு அடியில் ஒரு துளை இருத்தலும் அவசியம். உலர்ந்ததா என அறியக் குயவர் கையாளும் உபாயம் ஒன்றுண்டு: பொருளைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. குளிர்ச்சி தோன்றினால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளைக்கு ஆகாது. பாதி உலர்ந்த பதத்தில் செங்காவி கரைத்துப் பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், மெருகு மருந்தின்றியே அழகிய பளபளப்பு உண்டாகும்.

சூளை

பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில், கூரைகளுக்கும் வைக்கோற்போருக்கும் எட்ட, செங்கல்லால் மார்பளவு உயரத்துக்கு வட்டச்சுவர் எழுப்புக. அடியில் அடுப்புவாயும், அதன்மேல் செங்கற் சல்லடையும், சல்லடைமேல் பொருள்களை அடுக்கும் இடமும் அமைதல் வேண்டும். கனத்த பொருள் கீழும் மெல்லிய பொருள் மேலுமாக அடுக்கி, உடைந்த ஓடுகளால் மேலே மூடி, வைக்கோல் பரப்பிச் சேற்றினால் மெழுகி, புகை போகச் சில துளைகள் விடுக. சவுக்கு மிலார், தென்னை மட்டை, தேங்காய்ச் சிரட்டை ஆகியன நமது பகுதியில் எளிதிற் கிடைக்கும் எரிபொருள்கள்.

முதற்சில மணி நேரம் புகைச்சூடு மாத்திரமே போதும். இதுவே முழு வேலையின் உயிர்நாடி. புகைத்துளைக்கு மேலே ஒரு குளிர்ந்த தகட்டைச் சிறிதுநேரம் பிடித்துப் பார்த்தால், அதில் நீர்த்துளி படிகிறவரையில் தீயை மிகுத்தலாகாது. துளி நின்றபின் மெல்ல மெல்ல ஏற்றலாம். ஏறக்குறைய 500 சென்டிகிரேட் பாகைக்கு மேல் களிமண்ணோடு இரசாயனமாய்க் கலந்திருந்த நீரும் நீங்குகிறது. அது நீங்கியபின் அம்மண் மீண்டும் நீரில் கரையாது. துளை வழியே நோக்கினால் மங்கிய சிவப்புத் தோன்றும்போது 600 முதல் 700 பாகை வரையும், நன்கு சிவந்து ஒளிரும்போது 800 பாகை அளவும் சூடேறியதாகக் கொள்ளலாம். சுடுமண் உருவங்களுக்கு அது போதும்.

பின்னர் அடுப்புவாயை அடைத்து, தானே ஆறும்படி மறுநாள் வரை விட்டுவிடுக. 573 பாகை அளவில் மணலிலுள்ள படிகக்கல் திடீரென அளவு மாறுகிறது. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்து குளிர்காற்றுப் படவிட்டால் நல்ல கலமும் பிளந்துவிடும்.

கவனிக்கத்தக்க அபாயங்கள்

சூளைக்கு நெருப்பிடும் வேலை பெரியவர்களுடையது. குழந்தைகள் தூரத்திலிருந்து பார்க்கலாம். தண்ணீரும் மணலும் அருகில் இருத்தல் வேண்டும். உலர்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. மெல்லிய தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. ஈயம் சேர்ந்த மெருகு மருந்துகளைப் பள்ளிக்குள் கொணர்தல் கூடாது. சாயம் பூசிய கலங்களை உணவுக்கும் குடிநீருக்கும் உபயோகித்தலும் ஆகாது.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒரு சூளை. செங்கல்லும் ஓராள் கூலியுமே செலவு. மேற்பார்வை உள்ளூர்க் குயவருடையது. மூன்று நான்கு பள்ளிகளுக்கு ஒன்று போதும்.

இரண்டாவது, குயவருக்கு மதிப்பூதியம். வாரத்துக்கு ஒரு நாள் அவர் வகுப்புக்கு வரட்டும். அவருக்கு நாற்காலி இட்டு, ‘ஆசிரியர்’ என்று அழைத்து, உரிய தொகையைக் குறித்த தேதியில் கொடுக்க வேண்டும். ஊருக்குத் தொண்டு என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குவது சங்கத்துக்கு இழுக்கு. உருவங்கள் அமைப்பதில் மேலும் பயிற்சி வேண்டுமாயின், அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் சிற்பம் பயில்வோரை அழைக்கலாம்.

மூன்றாவது, விற்பனை. கார்த்திகை அகல், பொங்கல் பானை, களிமண் பிள்ளையார் ஆகியவற்றைச் சங்கக் கடையிலேயே வைத்து, குயவரிடமிருந்து ரொக்கத்துக்கு வாங்கி விற்கலாம். தரகர் கைக்குப் போகும் பணம் ஊரில் நிற்கும். மாணாக்கர் செய்த பொருளை விற்க நேர்ந்தால், அதன்மீது ‘வில்லியனூர்ச் சுடுமண்’ என்னும் பதிவுப் பெயரை இடலாகாது. அது தொழிலாளரின் உரிமை. அவருடைய பெயரைக் கொண்டே அவரோடு போட்டியிடுதல் நியாயமன்று.

இச்செலவுகளுக்கு, சங்கத்தின் துணைவிதிகளில் லாபத்திலிருந்து கல்விக்கோ பொதுநன்மைக்கோ ஒதுக்கீடு உண்டா என்று காரியதரிசியைக் கேட்டறிந்து, மகாசபையில் தீர்மானம் கொண்டுவருக. கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் முன்கூட்டித் தெரிவித்தல் நலம்.

ஓர் ஆட்சேபம்

“படிக்க அனுப்பிய பிள்ளை மண் பிசைவதா?” என்று சிலர் கேட்பர். இக்கேள்வியின் அடியில் தொழிலைப் பற்றிய இழிவெண்ணம் மறைந்து கிடக்கிறது. அதன் விளைவு யாதெனில், குயவர் வீட்டுப் பிள்ளையே தன் தகப்பனார் தொழிலைப் பள்ளியில் சொல்ல நாணுகிறான். தொழில் அழிவதற்குப் பிளாஸ்டிக் குடமும் அலுமினியப் பாத்திரமும் மாத்திரம் காரணமல்ல. அந்த நாணமும் ஒரு காரணமே. பணம் கொடுத்தாலும் அது போகாது. தன் தகப்பனார் வகுப்பின் முன் நின்று சக்கரத்தைச் சுழற்ற, ஊர்ப் பிள்ளைகள் யாவரும் வாய்திறந்து பார்த்திருக்கும் அந்த ஒரு நாள் அதைப் போக்கும். அதன்பின் அப்பிள்ளை குயவனாவதும் என்ஜினீயராவதும் அவன் விருப்பம். எதுவாயினும் நாணத்தால் ஓடியவனாக இருக்கமாட்டான்.

முடிவுரை

சக்கரம் சுழலும் வீடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்துவருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். முதிய குயவரின் கையிலுள்ள அறிவு எப்புத்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை. கையிலிருந்து கைக்கு மாறினால்தான் அது பிழைக்கும். சுட்ட மண் இரண்டாயிரம் ஆண்டு நிற்கும். சுடும் வித்தையோ ஒரு தலைமுறை கவனியாதுவிட்டால் போய்விடும். ஆகவே, வரும் மகாசபைக்கு முன்னரே அங்கத்தினர் இருவர் மூவர் கூடி, தத்தம் கிராமத்துக் குயவர் வீட்டுக்குச் சென்று பேசுவாராக. ஏரி வற்றும் காலத்தில் மண் சேகரித்து, மழைக்கு முன்னரே முதற்சூளை போட்டுவிட்டால், வருகிற கார்த்திகையில் நமது வாசற்படியில் எரியும் விளக்கு நமது பிள்ளைகளே செய்ததாயிருக்கும்.